மூன்று தரம் ஊசி போட்டும் சினை நிற்கவில்லை: மாட்டின் உள்ளே வழி எப்படிப் போகிறது?

தம்பி, நீர் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். முள்ளியவளைப் பக்கம் உங்கள் வீட்டில் ஒரு ஜேர்சிக் கலப்புப் பசு நிற்கிறது, மூன்று தரம் சினை ஊசி (காளையின் விந்தைக் குழலால் உள்ளே விடுவது) போட்டும் நிற்கவில்லை, போட வந்தவர் ஒருமுறை "வாசல் இறுக்கம்" என்றார், பக்கத்து வீட்டுப் பெரியவர் "கருப்பை குளிர்ந்து போச்சு" என்றார். இதற்கிடையில் மாமாவின் பட்டியில் ஒரு எருமை கன்று போட முடியாமல் செத்துப்போனது, அதற்குக் குடல் முறுகியது என்று காரணம் சொன்னார்கள். ஆகவே இந்த மிருகங்களின் பெண் உறுப்புகள் உள்ளே எப்படி இருக்கின்றன, ஊசி போடுகிறவர் பின்பக்கம் கையை விட்டு எதைத்தான் பிடிக்கிறார் என்று முதலிலிருந்து சொல்லச் சொல்கிறீர். அம்மாவுக்காகக் கோழி பற்றியும் ஒரு கேள்வி.

சரி, சொல்கிறேன். கால்நடை வேலையில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று மட்டும் முன்கூட்டியே: சினை நிற்காததற்கு ஊசியையும் காளையையும் ராசியையும் குறை சொல்கிறவர்களில் பெரும்பாலானோருக்கு உள்ளே இருக்கும் அந்த வழி தெரியாது, தெரிந்தால் கரைச்சலில் பாதி தானாகக் குறையும்.

வெளியில் இருந்து வருவோம். வாலுக்குக் கீழே மலவாசல், அதற்குக் கீழே பெண்குறியின் இரண்டு மடல்கள். வேட்கைக்கு, அதாவது காளை தேடும் பருவத்துக்கு, வந்த பசுவில் மடல் கொஞ்சம் வீங்கிச் சுருக்கம் விரிந்து, உள்ளே சிவந்து ஈரமாக இருக்கும். இதைப் பார்க்க டொக்டர் தேவையில்லை, காலையில் பால் கறக்கும்போது வாலை ஒருதரம் தூக்கிப் பார்க்கும் பழக்கம் போதும். மடலைத் தாண்டினால் பத்துப் பன்னிரண்டு சென்டிமீற்றர் நீளத்தில் ஒரு முன்னறை, சிறுநீர் வழியும் இனப்பெருக்க வழியும் ஒன்றாகச் சேரும் இடம் அதுதான். அதன் தரைப்பக்கத்தில் மூத்திர வாசல் திறக்கிறது, அதற்குக் கீழேயே ஒரு விரல்நுனி போகக்கூடிய குருட்டுப் பை ஒன்றும் இருக்கிறது. ஊசிக் குழலை நேர்கிடையாகத் தள்ளினால் அந்தப் பையில் முட்டும், அல்லது மூத்திரப் பைக்குள் போகும். நல்லாகப் பழகினவர் குழலை முதலில் மேல்நோக்கிச் சரித்து விட்டு, ஒரு சாண் போனபிறகுதான் கிடையாக்குவார். அடுத்த முறை கவனித்துப் பாரும், அந்தச் சரிவு இருக்கிறதா என்று.

அதற்கு அப்பால் யோனி, 25 முதல் 30 சென்டிமீற்றர் நீளம். நாட்டு மாட்டில் இதைவிடக் குறைவாக இருக்கும். சுவர் மெல்லியது, சும்மா இருக்கும்போது மேல்சுவரும் கீழ்ச்சுவரும் ஒட்டிக் கிடக்கும். காளை ஏறும்போது விந்து விழுவது இதன் உள்முனையில்.

இனி வருவதுதான் கருப்பைக் கழுத்து. மாட்டைப் பொறுத்தவரை ஊசி பிடிப்பதும் பிடிக்காததும் பெரும்பாலும் இந்த எட்டுப் பத்து சென்டிமீற்றருக்குள் தீர்மானமாகிறது. மற்ற உறுப்புகள் எல்லாம் கைக்கு மெத்தென்று இருக்க, இது மட்டும் தோல் உரித்த கோழிக் கழுத்தைப் பிடித்ததுபோல் முறுக்காகத் தட்டுப்படும். உள்ளே மூன்று அல்லது நான்கு வளையங்கள், ஒன்றின் துவாரம் மற்றதன் துவாரத்துக்கு நேரே இருக்காது, ஆகவே வழி வளைந்து வளைந்து போகும். போதாததற்கு முதல் வளையம் யோனிக்குள் துருத்திக்கொண்டு நிற்பதால் அதைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்களின் குழல் போய் நிற்பது அந்தப் பள்ளத்தில்தான். எவ்வளவு தள்ளினாலும் போகாது, தள்ளத் தள்ள யோனிச் சுவர்தான் நோகும். உமக்குச் சொன்ன "வாசல் இறுக்கம்" இதுவாக இருக்கலாம். அல்லது மாடு அன்று உண்மையான வேட்கையில் இல்லாமல் இருந்திருக்கலாம், வேட்கை இல்லாத நாட்களில் கழுத்து இறுகித்தான் இருக்கும். முதல் கன்று போடாத நாகு என்றால் வழி இயல்பாகவே ஒடுக்கம்.

மூன்றாவதாக இன்னொன்று இருக்கிறது, அதற்குத்தான் பயப்பட வேண்டும்: மாடு ஏற்கெனவே சினையாக இருப்பது. சினைப்பட்டவுடன் கழுத்துக்குள் கெட்டியான சளி அடைத்து ஒரு மூடிபோல் உறைந்துவிடும், வெளிக்கிருமி உள்ளே போகாது. சினை மாடுகளிலும் சில இடையில் ஒருதரம் கத்தும், மற்ற மாட்டின்மேல் ஏறும். அதைப் பார்த்துவிட்டு ஊசிக்காரரைக் கூப்பிட்டு, அவரும் பலவந்தமாகக் குழலை அந்த அடைப்புக்கூடாகச் செலுத்தினால் உள்ளே இருந்த கன்று கழியும். இறுக்கம் என்று சொன்னால் "இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாருங்கோ" என்று கேட்க வேண்டாம், "சினை இருக்கோ பாருங்கோ" என்று கேளும்.

கையை ஏன் மலக்குடலுக்குள் விடுகிறார்? மலக்குடல் இந்த உறுப்புகளுக்கு நேர் மேலே ஓடுகிறது, அதன் சுவர் மெல்லியது, அதனால் அதற்கூடாகக் கருப்பைக் கழுத்தைக் கையால் பிடிக்க முடிகிறது. இடது கை உள்ளே கழுத்தைப் பிடித்திருக்கும், வலது கையில் குழல். சரியாகச் செய்கிறவர் குழலைத் தள்ளுவதில்லை, அதை அசையாமல் வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் கையால் கழுத்தைச் சரித்தும் திருப்பியும் வளையம் வளையமாகக் குழலின்மேல் ஏற்றுவார். இவ்வளவு பாடு எதற்கு என்றால், காளை ஒருதரம் ஏறும்போது விழும் உயிரணுக்கள் பல நூறு கோடி, அதில் பெரும்பகுதி யோனியிலேயே அழிந்தாலும் மிச்சம் போதும். கண்டிப் பக்கம் குண்டசாலையில் உறையவைத்து எங்கள் பக்கம் வரும் அந்தச் சிறு விந்துக் குழாயில் இருப்பது ஏறத்தாழ இரண்டு கோடி. அதை யோனியில் விட்டால் வீண், கழுத்தின் கடைசி வளையத்தைத் தாண்டியவுடன் கருப்பை உடலின் வாசலில் விட வேண்டும்.

அதற்கு மேலேயும் தள்ளக்கூடாது. மாட்டின் கருப்பையில் உடல் என்று சொல்லும் பகுதி உண்மையில் இரண்டு முதல் நான்கு சென்டிமீற்றர்தான். வெளியில் பார்த்தால் பெரிதாகத் தெரியும், ஆனால் வெட்டிப் பார்த்தால் நடுவே ஒரு சுவர் ஓடி, அந்த இடமும் இரண்டு கொம்பாகத்தான் பிரிந்திருக்கும். குழல் மேலே போனால் ஏதோ ஒரு கொம்புக்குள் மட்டும் விந்து விழும், முட்டை மற்றக் கொம்புப் பக்கம் வந்திருந்தால் சினை நிற்கும் வாய்ப்புக் குறைவு, உள்சுவர் கீறுப்படும் ஆபத்தும் உண்டு.

வழி சரியாக இருந்தும் நேரம் பிழைத்தால் பிரயோசனம் இல்லை. மாட்டின் வேட்கை வட்டம் 21 நாள், 18க்கும் 24க்கும் இடையில் எங்கே விழுந்தாலும் பிரச்சினை இல்லை. மற்ற மாடு ஏறும்போது விலகாமல் நின்று கொடுக்கும் நேரம்தான் உண்மையான வேட்கை, வெளிநாட்டு இனங்களில் 12 முதல் 18 மணித்தியாலம். நாட்டு மாட்டிலும் சிந்தி, சாகிவால் கலப்பிலும் இதைவிடக் குறைவு, இரவில் தொடங்கி விடியமுன் முடிந்துவிடுவதும் உண்டு. முட்டை வெளிவருவது வேட்கை முடிந்து பத்துப் பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு. மாடு கத்தும்போது முட்டை இன்னும் அது உருவாகும் சூலகத்துக்குள்தான். வெளிவந்த முட்டை சில மணித்தியாலங்களுக்குத்தான் தகுதியாக இருக்கும், விந்து உள்ளே ஒரு நாளளவு இருக்கும் என்றாலும் பக்குவப்பட ஆறு எட்டு மணித்தியாலம் எடுக்கும். ஆக, விந்து முட்டைக்கு முன்னமே போய்க் காத்திருக்க வேண்டும், ஆனால் ரொம்ப முன்னதாகவும் போகக்கூடாது. காலையில் கண்டால் பின்னேரம், பின்னேரம் கண்டால் மறுநாள் காலை என்ற கணக்கு இதனால் வந்தது.

வன்னியில் இந்தக் கணக்குப் பிழைக்கும் இடம் எனக்குத் தெரியும். விடிய அவிழ்த்து விடுகிறோம், மாடு குளத்து அலைகரையிலோ காட்டோரத்திலோ மேய்கிறது, பொழுதுபட வீட்டுக்கு வருகிறது. இடையில் அது எப்போது ஏற விட்டது என்று யாருக்கும் தெரியாது. பின்னேரம் வழும்பு ஒழுகுவதைப் பார்த்து "இப்பத்தான் தொடங்கியிருக்கு" என்று எண்ணி மறுநாள் பத்து மணிக்குப் போன் அடித்தால், ஊசிக்காரர் ஒட்டுசுட்டானில் வேலையை முடித்துவிட்டு வந்துசேர மதியம், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்த வழும்பை மட்டும் நம்பவும் வேண்டாம். வேட்கையின்போது கருப்பைக் கழுத்துச் சுரக்கும் தெளிந்த, நூலாக இழுபடும் திரவம் அது. வேட்கைக்கு முன்னும் ஒழுகும், பின்னும் கொஞ்சம் ஒழுகும். அதன் நிறம்தான் முக்கியம். தெளிவாக இருந்தால் சரி, கலங்கியோ வெள்ளைத் துணுக்குகளோடோ மணத்தோடோ வந்தால் கருப்பையில் அழற்சி இருக்கிறது, அன்றைக்கு ஊசி போடுவதை விட்டுவிட்டு வைத்தியம் பார்க்க வேண்டும். பெரியவர் சொன்ன "குளிர்ந்து போச்சு" என்பதற்குப் பின்னால் ஏதாவது உண்மை இருந்தால் அது இதுதான், கருப்பை ஒருநாளும் குளிர்வதில்லை.

இரத்தம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊசி போட்ட மறுநாளோ மூன்றாம் நாளோ வாலில் இரத்தக் கறையைக் கண்டு "உடைஞ்சு போச்சு" என்று அழாக்குறையாகப் போன் எடுப்பவர்கள் நிறையப் பேர். மாட்டில் வேட்கை முடிந்து ஒன்று முதல் மூன்று நாளில், ஈஸ்திரஜன் என்ற ஓமோன் இறங்கும்போது கருப்பையின் உள்சுவரில் உள்ள நுண்குழாய்களில் இருந்து கொஞ்சம் இரத்தம் கசியும், நாகுகளில் கூடுதலாகத் தெரியும். சினை பிடித்ததா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதில் ஒரு லாபம் இருக்கிறது: வேட்கையை நீர் தவறவிட்டு இரத்தத்தை மட்டும் கண்டால், அடுத்தது ஏறத்தாழ 18, 19 நாளில் வரும் என்று கலண்டரில் குறித்துவிடலாம். நாயில் இது தலைகீழ். பெட்டை நாய்க்கு இரத்தம் முதலில் வரும், ஒரு ஒன்பது பத்து நாள் கழித்துத்தான் ஆண் நாயை ஏற்கும். வீட்டில் நாயைப் பார்த்துப் பழகிய கண்ணோடு மாட்டைப் பார்ப்பதால் இரத்தம் கண்ட அன்று ஊசிக்குக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இனி மேலே போவோம். உடலில் இருந்து இரண்டு கொம்புகள், ஒவ்வொன்றும் 35 முதல் 40 சென்டிமீற்றர், கீழ்நோக்கி வளைந்து சுருண்டு போகும். கொம்பின் நுனியில் மெல்லிய கருக்குழாய், 20 முதல் 25 சென்டிமீற்றர், அதன் கடைசி முனை விரிந்து சூலகத்தை மூடினாற்போல் இருக்கும். முட்டையும் விந்தும் சந்திப்பது இந்தக் குழாயில், கருப்பையில் இல்லை. கரு அங்கேயே நான்கு நாளளவு இருந்து பிறகுதான் கருப்பைக்கு இறங்கும். சூலகம் மூன்று நான்கு சென்டிமீற்றர் நீளம், அவ்வளவு சின்னது, ஆனால் முழு மாட்டையும் ஆட்டுவது அதுதான். அதன் மேற்பரப்பில் நீர்க்கட்டிபோல ஒரு புடைப்பு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீற்றர் வரை வளர்ந்து, உடைந்து, முட்டையை விடும். உடைந்த இடத்தில் மஞ்சட் சடலம் உருவாகும், அது சுரக்கும் புரோஜெஸ்தரோன் என்ற ஓமோன் இருக்கும்வரை மாடு அடுத்த வேட்கைக்கு வராது.

இந்த இடத்தில் ஒரு அமைப்பு இருக்கிறது, எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருப்பது. சூலகத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி நேராகப் போகாமல், கருப்பையில் இருந்து திரும்பி வரும் இரத்த நாளத்தின் மேலேயே ஒட்டி நெளிந்து நெளிந்து போகிறது. சினை இல்லாவிட்டால் 16, 17 நாளளவில் கருப்பை புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கும், அது நாளத்தில் இருந்து பக்கத்து நாடிக்குள் கசிந்து, உடல் முழுக்கச் சுற்றாமல், அதே பக்கச் சூலகத்துக்குப் போய் மஞ்சட் சடலத்தைக் கரைக்கும். சடலம் கரைய, புதிய புடைப்பு வளரும், 21ஆம் நாள் மாடு கத்தும். உள்ளே கரு இருந்தால் அது அந்த நாளுக்கு முன்னமே தான் இருப்பதைத் தெரிவிக்கும் ஒரு புரதத்தைச் சுரந்து இந்தச் சுரப்பை நிறுத்திவிடும். அவ்வளவு சின்னக் கரு, தாய்க்கு நேரத்துக்குச் சொல்லாவிட்டால் தன் இடத்தையே இழக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டினேன் என்றால், கருப்பையில் சீழ் நிறைந்தாலும் இதே வேலை நின்றுபோகும். சுவர் கெட்டுப்போனதால் சடலம் கரையாது, மாடு கத்தாது, வீட்டுக்காரர் சினை என்று நினைத்துத் தவிடும் பிண்ணாக்கும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பார். கத்தாத மாடெல்லாம் சினை மாடு இல்லை, ஊசி போட்டு இரண்டு மூன்று மாதத்தில் கையை உள்ளே விட்டுப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். நாகும் நாம்பனும் இரட்டையாகப் பிறந்தால் அந்த நாகுவையும் இதேபோல் நம்பி வளர்க்க வேண்டாம்: உள்ளே இரண்டு கன்றின் இரத்தக் குழாய்களும் இணைந்து, ஆண் கன்றின் ஓமோன் பெண் கன்றின் உறுப்புகளை வளரவிடாமல் செய்திருக்கும், பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு.

கன்றுக்குப் பின்னால் விழும் இளங்கொடி விஷயம் நீர் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கருப்பையின் உட்சுவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். மாட்டின் கருப்பைக்குள் 70 முதல் 120 வரை சிறு திரட்சிகள் வரிசையாக இருக்கின்றன. சினை இல்லாதபோது ஒரு சென்டிமீற்றர்கூடச் சரியாக வராது, சினை முற்றும்போது உள்ளங்கை அளவுக்கு வளரும். கன்றைச் சுற்றிய பையின் குஞ்சங்கள் இந்தத் திரட்சிகளின் குழிகளுக்குள் புகுந்து பிடித்திருக்கும், தாயின் உணவு கன்றுக்குப் போவது இந்த இடங்களில் மட்டும்தான். கன்று விழுந்தபின் கருப்பை சுருங்கச் சுருங்க, இரத்தம் வடிந்து, பிடி தளர்ந்து, கொடி தானாக விழும். 12 மணித்தியாலத்துக்குள் விழுந்தால் சரி. நூறு இடத்தில் பிடித்திருக்கும் ஒன்றை வெளியில் தொங்கும் முனையில் பிடித்து இழுத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாரும். துண்டு துண்டாக அறுந்து மிச்சம் உள்ளே அழுகும், திரட்சி பிய்ந்து இரத்தம் ஓடும், சில வேளை கருப்பையே வெளியில் புரண்டு வரும். செருப்பு, கல் என்று பாரம் கட்டித் தொங்கவிடுவதும் இதே வேலைதான். கன்றை உடனே கடும்புப் பால் குடிக்க விடும், அது முலையை இழுக்கும்போது சுரக்கும் ஓமோன் கருப்பையையும் சுருக்கும். கொடி விழும்வரை கன்றை விடாமல் வைத்திருப்பது இரண்டு பக்கமும் நட்டம், கன்றுக்கு அந்த முதல் ஆறு மணித்தியாலக் கடும்புதான் காவல்.

விழுந்த கொடியை உமல் என்ற ஓலைப் பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை, நாய் இழுத்துத் திரிவதைவிட அது நல்லது, ஆழமாகப் புதைத்தால் இன்னும் நல்லது. வெறுங்கையால் மட்டும் தொடவேண்டாம். குறிப்பாக ஐந்து மாதத்துக்குப் பிறகு கன்று கழிந்த மாடு என்றால் புரூசெல்லா என்ற தொற்றாக இருக்கலாம், அந்தக் கிருமி கூடியிருக்கும் இடமே கொடியும் கருப்பை நீரும்தான், மனிதருக்குத் தொற்றினால் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு நோவும் மாதக்கணக்கில் இழுக்கும். அப்படியான மாட்டின் பாலைக் காய்ச்சாமல் குடிப்பதும் கூடாது.

எருமைக்கு வருவோம். வரைபடம் மாட்டினுடையதுதான், ஆனால் மாட்டை நினைத்துக்கொண்டு எருமையைப் பார்த்தால் ஏமாறுவீர். சூலகம் சின்னது, பிறக்கும்போதே அதில் இருக்கும் முட்டைகளும் குறைவு, பசுவில் லட்சத்துக்கு மேல் என்றால் எருமையில் பத்திருபதாயிரம். வேட்கையை வெளியே காட்டாது, ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது அரிது, வழும்பும் தொங்காது, யோனித் தரையில் தேங்கிக் கிடந்து படுக்கும்போதுதான் வெளியே வரும். பட்டிக்குள் கடா நிற்பதால்தான் வன்னியில் எருமைகள் சினைப்படுகின்றன என்று சொன்னால் மிகையில்லை, கண்டுபிடிக்கும் வேலையை அது செய்துவிடுகிறது. சினைக்காலமும் பசுவைப்போல் 280 நாள் இல்லை, ஏறத்தாழ 310, பத்து மாதம் தாண்டும்.

மாமாவின் எருமைக்கு முறுகியது குடல் இல்லை, பெரும்பாலும் கருப்பை. கருப்பையை வயிற்றுச் சுவரோடு தாங்கிப் பிடிக்கும் அகன்ற சவ்வு கொம்பின் ஒரு விளிம்பில் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. கன்று ஒரு கொம்பில் வளர்ந்து பாரமாகும்போது அந்தக் கொம்பு சவ்வைத் தாண்டி முன்னால் தொங்கும், தாங்க எதுவும் இல்லை. மாடும் எருமையும் எழும்பும்போது பின்பக்கத்தை முதலில் தூக்கும், அந்த நேரத்தில் பாரம் ஊசலாடும், வழுக்கினாலோ மற்றது இடித்தாலோ ஒரு புரட்டில் சுற்றிக்கொள்ளும். எருமையில் சவ்வு இன்னும் தளர்வு, வயிறும் விசாலம், அதனால் பசுவைவிட எருமையில் இது அதிகம், பெரும்பாலும் வலப்பக்கமாகச் சுற்றும், முறுக்கு கழுத்துக்குப் பின்னால் யோனிப் பக்கம் விழும். அறிகுறி இதுதான்: நாள் நிறைந்த எருமை இருந்து எழும்பி, வயிற்றை உதைத்து, நோவுபடுகிறது, ஆனால் பன்னீர்க்குடம் வரவில்லை, முக்கலும் இல்லை, மடலில் ஒரு பக்கம் உள்ளே இழுபட்டிருக்கும். சில மணித்தியாலத்துக்கு மேல் பார்த்திருக்காமல் கால்நடை வைத்தியரைக் கூப்பிட வேண்டும். அவர் கையை விட்டு முறுக்கின் பக்கத்தைப் பார்த்து, படுக்கவைத்துப் பலகை அழுத்தி உருட்டி அவிழ்ப்பார், முடியாவிட்டால் வெட்டி எடுப்பார். யாரோ சொன்னார்கள் என்று நீங்களே உருட்ட வேண்டாம், எதிர்ப்பக்கம் உருட்டினால் இன்னொரு சுற்று கூடும். காத்திருந்தால் இரத்த ஓட்டம் நெரிபட்டு முதலில் கன்று போகும், பிறகு தாய்.

ஆடு சுருக்கமாக. மறியாட்டின் கருப்பையும் இரு கொம்புதான், உட்சுவரில் திரட்சிகளும் உண்டு, ஆனால் மாட்டில் புடைத்திருப்பவை இங்கே நடுவில் குழிந்திருக்கும். கழுத்தில் ஐந்தாறு வளையம், வழி மிக ஒடுக்கம், மலக்குடலுக்குள் கை போகாது என்பதால் பிடித்து வழிகாட்டவும் முடியாது. அதனால்தான் ஆட்டுக்கு ஊசி போடுவது எங்கள் பக்கம் அவ்வளவாகப் பரவவில்லை, நல்ல கிடாய் ஒன்றை வைத்திருப்பதே மலிவு. வட்டம் 21 நாள், செம்மறியில் 17, வேட்கை ஒரு நாளோ ஒன்றரை நாளோ, சினைக்காலம் 150 நாள். கொம்பில்லாத கிடாயையும் கொம்பில்லாத மறியையும் சேர்க்க வேண்டாம், அந்தச் சேர்க்கையில் பிறக்கும் பெண் குட்டிகளில் சில ஆணும் பெண்ணுமற்ற உறுப்போடு வரும், கொம்பின்மைக்கான மரபணுவோடு அந்தக் குறையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கிடாய், மறி இரண்டில் ஒன்றுக்காவது கொம்பு இருக்கட்டும்.

பன்றியில் கொம்புகள் ஒவ்வொன்றும் ஒரு மீற்றருக்கு மேல், குடல்போல மடிந்து கிடக்கும், பத்துப் பன்னிரண்டு குட்டிக்கு இடம் வேண்டுமே. பூனை, ஆண் சேர்ந்த பிறகுதான் முட்டையை விடும். மன்னாரில் தெருவில் திரிகிற கழுதைகளுக்கும் குதிரைக்கும் சூலகத்தில் ஒரே ஒரு பள்ளம், முட்டை அந்த இடத்தால் மட்டும்தான் வெளிவரும். இவை உமக்கு இப்போது தேவைப்படாது.

உமது பசுவுக்குத் திரும்பினால், முதலில் தேதிகள் வேண்டும். ஊசி போட்டு 21 நாளளவில் திரும்பக் கத்தியிருந்தால் கரு உருவாகவில்லை, அல்லது 16 நாளுக்குள் அழிந்துவிட்டது, நேரமும் போட்ட இடமும்தான் முதல் சந்தேகம். முப்பது, நாற்பது நாள் கழித்துக் கத்தியிருந்தால் சினை நின்று பிறகு அழிந்திருக்கக்கூடும், அது தொற்றாகவோ வெயிலாகவோ தீனியாகவோ இருக்கலாம். பத்துப் பன்னிரண்டு நாளில் கத்தியிருந்தால், ஊசி போட்ட அன்றையது, பிறகு கண்டது, இந்த இரண்டில் ஒன்று வேட்கையே இல்லை. கன்று போட்டு இரண்டு மாதம் ஆகமுன் போட்ட ஊசியைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஒன்றரை மாதம் பிடிக்கும். ஆனி ஆடி வெயிலில் ஜேர்சிக் கலப்பை வெட்டையில் கட்டி வைத்தால் முதல் கிழமையிலேயே கரு அழியும், ஊசி போட்டபின் ஒரு பத்து நாளுக்காவது நிழலும் தண்ணீரும் குறையாமல் பாரும். மூன்று தரம் தவறிய மாட்டுக்கு நான்காவது ஊசிக்கு முன் கால்நடை வைத்தியரைக் கொண்டு சூலகத்தையும் கருப்பையையும் ஒருமுறை தடவிப் பார்க்கச் சொல்லும். ஊசி போடுகிறவரிடம் வளையம் தாண்டியதா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், நல்ல ஆள் என்றால் கோபிக்க மாட்டார்.

அம்மாவின் கேள்வி: சேவலைப் போன கிழமை விற்றுவிட்டோம், இனி இடும் முட்டையை அடைக்கு வைக்கலாமா. கோழியில் இடப்பக்கச் சூலகமும் குழாயும் மட்டும்தான் வளரும், வலப்பக்கம் குஞ்சாக இருக்கும்போதே தேய்ந்துவிடும். மஞ்சட்கரு சூலகத்தில் இருந்து விழுந்ததும் குழாயின் விரிந்த வாய் அதைப் பிடிக்கும், விந்து சேர்வது அந்தக் கால் மணித்தியாலத்துக்குள்தான். பிறகு மூன்று மணித்தியாலம் வெள்ளைக்கரு சேரும், ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் உள்தோல் சேரும், ஓடு மட்டும் இருபது மணித்தியாலம் எடுக்கும், மொத்தம் ஒரு நாளுக்குச் சற்றுக் கூட. அதனால்தான் ஒரே கோழி நாளுக்கு நாள் பிந்திப் பிந்தி இட்டுவிட்டு ஒரு நாள் ஓய்வெடுக்கிறது. சேவல் இல்லாவிட்டாலும், ஏற்கெனவே வாங்கிய விந்தைக் குழாய்ச் சுவரின் நுண்பைகளில் கோழி சேமித்து வைக்கும், பத்து நாளளவுக்கு அது நன்றாக வேலைசெய்யும், சில கோழிகளில் இரண்டு கிழமை தாண்டியும் போகும். ஆகவே இந்தக் கிழமை இடுவதை அடைக்கு வைக்கச் சொல்லும், அடுத்த கிழமை கடைசியில் இருந்து இடுவதைப் பொரித்துச் சாப்பிடலாம்.